துணைக் கரங்களும் தொழிற்சங்கமும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

ஆலைச் சங்கின் ஒலி கேட்டுப் பொழுதறிந்த ஊர் இராஜபாளையம். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தார். அதன்பின் ஊரைச் சுற்றிலும் நூற்பாலைகள் பெருகின. என் தந்தையும் பஞ்சாலைத் தொழிலாளியே. அவருடைய வேலைக்கு நேரம் உண்டு, மிகைநேரத்திற்குக் கூலி உண்டு, வைப்புநிதி உண்டு, தீபாவளிக்குப் போனஸ் உண்டு. இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, சங்கம் பெற்றுத் தந்தவை என்று அவர் அடிக்கடி கூறுவார்.

அதே வீட்டில் காலை ஆறு மணிக்கு இன்னொரு வேலையும் தொடங்குகிறது. என் அண்ணனுக்கு வயது இருபத்தாறு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சத்திரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா முதல் பேருந்தில் வருவார். அண்ணனைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பார். பல் துலக்கிவிட்டுக் குளிப்பாட்டுவார். சக்கர நாற்காலியில் அமர்த்தி, புரையேறாதபடி சிறிது சிறிதாக இட்டிலி ஊட்டுவார். அம்மாவுக்குத் தோளில் வலி வந்ததிலிருந்து அண்ணனின் பகற்பொழுது அந்த அக்காவின் கைகளில்தான் இருக்கிறது. இந்த வேலைக்குச் சங்கும் இல்லை, சங்கமும் இல்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதத்தில், அண்ணனைத் தூக்கும்போது அக்காவின் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் அவரால் எழ இயலவில்லை. மாத முடிவில் என் தந்தை நாட்காட்டியைப் பார்த்து, வந்த நாட்களுக்கு மட்டும் கணக்குப் போட்டார். அப்போது அம்மா சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது: “ஒங்களுக்கு மில்லுல விரல் நசுங்கினப்ப, வீட்டுல இருந்தாலும் இ.எஸ்.ஐ.ல பணம் வந்துச்சு. இவ நம்ம பிள்ளையத் தூக்கித்தான இடுப்பப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா?”

தந்தை எதுவும் பேசவில்லை. அந்த மாதம் முழுச் சம்பளமும் கொடுத்தனுப்பினார். அடுத்த மாதமும் அக்கா வர இயலாதபோது கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. அண்ணனுக்கு அரசு தந்த பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அக்காவுக்கு நாங்கள் தந்த சம்பளம் 6,000 ரூபாய். எங்கள் கணக்கில் அது பெருந்தொகை. அவர் உழைப்பின் கணக்கிலோ மிகச் சிறுதொகை.

தொழிற்சங்க உறுப்பினர் ஒருவரின் வீட்டிற்குள்ளேயே சங்கமில்லாத தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன். பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதற்கு வழி உண்டா என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

துணைப்பணியாளர் யாவர்?

மாற்றுத்திறனாளி ஒருவரின் அன்றாட வாழ்வுக்குக் கையும் காலும் கண்ணுமாக நின்று உழைப்போரை இங்குத் துணைப்பணியாளர் எனக் குறிப்பிடுகிறேன். வீடுகளுக்கு வந்து பணி செய்வோர், இல்லங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் பணியாற்றும் ஆயாக்களும் உதவியாளர்களும், தொகுப்பூதியத்தில் உழைக்கும் சிறப்பாசிரியர்கள், கிராமம் கிராமமாகச் செல்லும் மறுவாழ்வுக் களப்பணியாளர்கள் எனப் பலர் இவர்களுள் அடங்குவர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். இவர்கள் அனைவருக்கும் துணைப்பணியாளர் தேவையில்லை. தம் பணியைத் தாமே செய்துகொள்வோர் பலர். ஆயினும், பிறர் துணையின்றிப் படுக்கையை விட்டு எழ இயலாதவர்களுக்கு அத்துணையே வாழ்க்கையின் வாயில். பட்டாசுத் தொழில் விபத்துகளில் உறுப்புகளை இழந்தோரையும், பக்கவாதத்தால் படுத்தோரையும், முதுகுத்தண்டு அடிபட்டோரையும் நம் மாவட்டத்தில் காணாதார் இலர்.

இப்பணிக்குத் திறமை தேவையில்லை, இரக்கம் இருந்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். அக்கா வராத நாட்களில் அண்ணனை நானே தூக்கிப் பார்த்தேன். முதல் நாளே என் இடுப்பும் பிடித்தது. பின்னர் அக்காவே படுத்தபடி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: இடுப்பை வளைக்கக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும், அவர் மார்பை நம் மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும், “தூக்கப் போறேன் தம்பி” என்று சொல்லிவிட்டு, அவர் தலையசைத்த பிறகே தூக்க வேண்டும். எழ இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்க் குழாயைத் தூய்மையாக வைக்காவிட்டால் காய்ச்சல் வரும். இவற்றை அறிந்தவர் தொழிலாளி மட்டுமல்லர்; தொழில்நுட்பம் அறிந்தவரும் ஆவார்.

அறிந்த கைகள் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே துயரச் சான்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். பயிற்சி பெற்ற பணியாளர் போதிய அளவில் இருக்குமிடத்தில் சங்கிலிக்கு வேலையில்லை. பணியாளரின் நிலையும் அவரை நம்பியிருப்போரின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம்பிக்கை தரும் சான்றும் அருகிலேயே உண்டு. கடற்படைத் தேர்வின்போது 1975ஆம் ஆண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் களப்பணியாளர்கள் கிராமங்களில் குழந்தைகளின் வீடு தேடிச் செல்கின்றனர். பயிற்சி பெற்ற ஒரு கை வாசலுக்கு வந்தால் ஒரு குழந்தையின் வாழ்வு எவ்வளவு மாறும் என்பதை அங்குக் காணலாம்.

உழைப்பை மறைக்கும் மூன்று சொற்கள்

இத்தகைய உழைப்பாளர் ஏன் தொழிலாளராகக் கருதப்படுவதில்லை? மூன்று சொற்கள் குறுக்கே நிற்கின்றன என்பது என் கருத்து.

முதற்சொல் ‘தொண்டு’. இல்லங்களும் சிறப்புப் பள்ளிகளும் பெரும்பாலும் அறநிறுவனங்கள். அங்கே சம்பளம் பேசுவது அறத்திற்கு மாறானது போல் எண்ணப்படுகிறது. 1978ஆம் ஆண்டு பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இதனை ஆராய்ந்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, இலாப நோக்கம் இல்லாமை ஒரு பொருட்டன்று எனக் கூறியது. முதலாளியும் தொழிலாளியும் கூடி, முறையாக மக்கட்குத் தேவையானதை அளித்தால் அது ‘தொழில்’ ஆகும் என்றது. கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் அறநிறுவனங்களும் இதனால் தொழிற்சட்டத்திற்குள் வந்தன. 1982ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இவ்விளக்கத்தைச் சுருக்கித் திருத்தம் இயற்றிய போதிலும், அப்பகுதி நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனால் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், அறப்பணியிலும் சமூகப்பணியிலும் முழுமையாகவோ பெரும்பாலுமோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்பதிலிருந்து விலக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துள்ளது. நாற்பத்தேழு ஆண்டுகள் திறந்திருந்த கதவு அறநிறுவனப் பணியாளருக்குச் சாத்தப்பட்டது எனலாம்.

இரண்டாம் சொல் ‘வீட்டுவேலை’. அதே சட்டம் வீட்டுப்பணியையும் ‘தொழில்’ என்பதிலிருந்து விலக்குகிறது. எங்கள் அக்கா இவ்வகையினர். நான்கு சுவருக்குள் நடப்பதால் அவர் உழைப்பு உழைப்பாகாமல் போய்விடுகிறது.

மூன்றாம் சொல் ‘தன்னார்வம்’. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மிகச் சிறந்ததே. படுக்கையில் இருப்போரின் வீட்டிற்கே இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்பு மருத்துவமும் வருகின்றன. ஆயினும் அதில் வீடு வீடாகச் செல்லும் பெண்களுக்கு ‘மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்’ என்றே பெயர். அவர்கள் பெறுவது ‘ஊக்கத்தொகை’. அங்கன்வாடிப் பணியாளரின் வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. அவர்களுக்கும் ‘மதிப்பூதியம்’ என்றே பெயரிட்டிருந்தனர். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அவர்கள் பெறுவதும் ஊதியமே எனக் கருதி, பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. பெயரை மாற்றி வைப்பதால் உழைப்பின் இயல்பு மாறிவிடாது என்பது இதனால் பெறப்படும்.

இச்சொல் விளையாட்டு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு, வீட்டுப்பணியாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை விரிவாக்கியபோது, முதியோர்க்கும் நலிந்தோர்க்கும் ‘தோழமை’ தருவோரை விலக்கினர். எவலின் கோக் என்னும் பெண்மணி ஏறத்தாழ இருபதாண்டுகள் பிறர் வீடுகளில் இப்பணி செய்தவர். மிகைநேரக் கூலி கேட்டு அவர் தொடுத்த வழக்கு 2007ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் ஒருமனதாகத் தோற்றது. அவர் மறைந்த பின்னர், 2013ஆம் ஆண்டில்தான் விதி திருத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டில் அத்திருத்தத்தையும் கைவிட அந்நாட்டுத் தொழிலாளர் துறை முன்மொழிந்தது. பெற்ற உரிமையும் காவலின்றி நிலைக்காது போலும்.

தமிழகம் காட்டிய வழி

இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றியது. பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணை நின்றார். பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளரே அதன் உறுப்பினர். 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் கூடிப் பதிவு கேட்கலாம் என்ற அதன் விதி இன்றைய தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆயினும் நிறுவனத்தில் அல்லது அத்தொழிலில் உள்ளோருள் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இவற்றுள் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராதல் வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளரும் சங்கம் அமைக்க அச்சட்டத்தின் சங்கம் பற்றிய பகுதி இடமளிக்கிறது. வீட்டுப்பணியாளர் அமைப்புசாராத் தொழிலாளருள் அடங்குவர். தொழில் தகராறு என்னும் கதவு அடைபட்டிருந்தாலும், சங்கம் அமைத்தல் என்னும் பலகணி திறந்தே உள்ளது.

ஆலை என ஒன்று இல்லாதோரையும் ஒன்று திரட்டலாம் என்பதைத் தமிழகம் முன்பே மெய்ப்பித்துள்ளது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் பல நல வாரியங்களுக்கு வேராயிற்று. கட்டடத் தொழிலாளரும் சுமைதூக்குவோரும் பெற்ற வாரியத்தை, வீட்டுப்பணியாளரும் போராடி 2007ஆம் ஆண்டு பெற்றனர்.

மாற்றுத்திறனாளிகளிடையேயும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்னும் அமைப்பு, பெயரிலேயே இரு சாராரையும் ஒரே பந்தியில் அமர்த்தியுள்ளது. இது கூலித் தொழிலாளர் சங்கம் அன்று. ஆயினும் உதவித்தொகை உயர்வுக்காக இடைவிடாது போராடி வருகிறது. ஆந்திரத்தில் 2024ஆம் ஆண்டு முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாயும், முற்றிலும் படுக்கையில் இருப்போருக்கு 15,000 ரூபாயும் வழங்கப்படுவதைச் சுட்டி, இங்கும் உயர்த்தக் கேட்கிறது.

லாஸ் ஏஞ்சலசில் நடந்தது

என் தந்தையின் நாட்காட்டிக் கணக்குக்கு நேரான விடையை நான் கண்டது, யாரும் எதிர்பாரா இடத்தில், கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில்.

அங்கே மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் இல்லங்களில் அடைபடாமல் தம் வீட்டிலேயே வாழ, துணைப்பணியாளருக்கான கூலியை அரசே தருகிறது. பணியாளரைத் தேர்ந்தெடுப்பவர் பயனாளர், பணம் தருவது அரசு, நிருவகிப்பது மாவட்டம். 1980-களின் இறுதியில் சேவைப் பணியாளர் சங்கம் ஒன்று இவர்களைத் திரட்டத் தொடங்கியது. பல்லாயிரம் பணியாளர், பல்லாயிரம் வீடுகள். ஒருவரை ஒருவர் அறியார். ஆலை வாயில் இல்லை. கூடும் இடம் இல்லை. வீடு வீடாகத்தான் செல்ல வேண்டியிருந்தது. அவர்களுள் பலர் தம் தாயையோ மகனையோ பேணுபவர்கள். என் அம்மாவைப் போன்றோரும் அங்குப் பணியாளராகக் கணக்கிடப்பட்டனர் என்பது என்னை வியப்பில் ஆழ்த்தியது.

பெரிய தடை வேறொன்று: இவர்களுக்கு முதலாளி யார்? சங்கம் மாவட்ட அரசைச் சுட்டியது. 1990ஆம் ஆண்டு நீதிமன்றம், மாவட்ட அரசு முதலாளி அன்று எனத் தீர்ப்பளித்தது. முதலாளி இல்லாதவிடத்துப் பேச்சுவார்த்தை யாரோடு?

இங்கேதான் மாற்றுத்திறனாளிகள் இயக்கம் வருகிறது. இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட எட் ராபர்ட்ஸ் 1962ஆம் ஆண்டு பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரும் நண்பர்களும் 1972இல் தற்சார்பு வாழ்வு மையம் ஒன்றை நிறுவினர். தமக்கு வேண்டிய துணையைத் தாமே தேர்ந்தெடுத்துத் தாமே வழிநடத்த வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் சங்கத்தைக் கண்டு அவ்வியக்கத்தினர் முதலில் அஞ்சினர். தமக்கு ஒவ்வாத பணியாளரை நீக்கும் உரிமை போய்விடுமோ, கூலி உயர்ந்தால் பணிநேரம் குறைக்கப்படுமோ என்பன அவர்களின் ஐயங்கள். ஐயங்கள் நியாயமானவையே. நீண்ட பேச்சுக்குப் பின் இரு சாராரும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர்.

1992ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஒன்று, மாவட்டங்கள் ‘பொது ஆணையம்’ அமைத்துக்கொள்ள வழி செய்தது. கூலி பற்றிப் பேசுவதற்கு ஆணையமே முதலாளி. பணியாளரை அமர்த்தவும் நீக்கவும் வழிநடத்தவும் உரிமையுடையவர் பயனாளரே. ஆணையத்தில் அல்லது அதற்கு அறிவுரை கூறும் குழுவில் பாதிக்குக் குறையாதோர் பயனாளராதல் வேண்டும். பணியாளர் பதிவேட்டை வைத்துக்கொள்வதும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதும் ஆணையத்தின் கடமை. லாஸ் ஏஞ்சலசில் 1997ஆம் ஆண்டு ஆணையம் அமைந்தது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் 74,000 பணியாளருக்குச் சங்கம் கிடைத்தது. 1930-களுக்குப் பின் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் கண்ட மிகப் பெரிய வெற்றி என அது பேசப்பட்டது.

இவ்வெற்றியின் நுட்பம் யாதெனில், ‘முதலாளி’ என்னும் ஒரே சொல்லை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். வேலை சொல்லும் உரிமை பயனாளருக்கு. கூலி தரும் கடமை அரசுக்கு. என் தந்தை இரண்டையும் ஒருவராகச் சுமந்ததனாற்றான் அந்த மாத முடிவில் அவரால் நியாயம் செய்ய இயலவில்லை.

பெண்ணின் உழைப்புக்கு என்ன விலை?

கூலியை அரசு தந்தாலும், எவ்வளவு தருவது என்ற வினா எஞ்சி நிற்கிறது. இப்பணியில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் விலையின்றிச் செய்வதையே வெளியிலும் செய்கிறார்கள், ஆதலின் குறைந்த விலை போதும் என்பது உலகெங்கும் உள்ள எண்ணம். நியூசிலாந்தில் கிறிஸ்டின் பார்ட்லெட் என்னும் பணியாளரும் அவர் சங்கமும் 2012ஆம் ஆண்டு இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். பெண்கள் செய்வதாலேயே இவ்வேலைக்குக் கூலி குறைவாக உள்ளது என்பது வாதம். நீதிமன்றங்கள் அவ்வாதத்திற்குச் செவிசாய்த்தன. 2017ஆம் ஆண்டு அரசு உடன்பாடு செய்துகொண்டது. முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பேணும் 55,000 பணியாளருக்கு ஐந்தாண்டுகளில் 200 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் 2012ஆம் ஆண்டு சமூகநலப் பணியாளருக்கு 19 முதல் 41 விழுக்காடு வரை படிப்படியான உயர்வு ஆணையிடப்பட்டது. பஞ்சாலையில் இயந்திரத்தைப் பேணுவோருக்கு ஒரு விலை, வீட்டில் மனிதரைப் பேணுவோருக்கு அதனினும் தாழ்ந்த விலை என்பது எந்தப் பொருளியல் விதியும் அன்று, வழக்கம் மட்டுமே.

சில ஐயங்கள்

இக்கருத்துகளை நண்பர்களிடம் கூறியபோது மூன்று ஐயங்கள் எழுந்தன.

சங்கம் வந்தால் வேலைநிறுத்தம் வராதா, படுக்கையில் கிடப்பவர் என்ன செய்வார் என்றனர் சிலர். நியாயமான அச்சம். ஆனால் இன்று ஒரு பணியாளர் நோயுற்றால் மாற்றாள் இல்லை. அதுவும் வேலை நிற்பதே. பதிவேடும் மாற்றாளும் ஏற்பாடு செய்யும் சங்கம் இருந்தால், அந்தப் புரட்டாசி மாதத்தில் என் அண்ணன் மூன்று வாரம் வாசலைக் காணாமல் கிடந்திருக்க மாட்டார்.

கூலி உயர்ந்தால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்றனர் வேறு சிலர். இதற்கு விடை சட்டத்திலேயே உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணுகின்ற எவரையும், பெற்றோர் உட்பட, ‘பேணுநர்’ என்கிறது. அதன் 24ஆம் பிரிவு, மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பேணுநர் படி வழங்குவதையும் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. 38ஆம் பிரிவின்படி அத்தகையோர் தமக்கு வேண்டிய துணையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேரளத்தில் ‘ஆசுவாசகிரணம்’ என்னும் திட்டம் பேணுநருக்கு மாதம் 600 ரூபாய் என்ற சிறு அளவிலேனும் இக்கருத்தை ஏற்றது. எனவே கூலி உயர்வுக்கான கோரிக்கை குடும்பத்தின் வாசலில் அன்று, அரசின் வாசலில் வைக்கப்பட வேண்டும். வைக்கும்போது குடும்பமும் உடன் நிற்க வேண்டும்.

மூன்றாம் ஐயம் மாற்றுத்திறனாளியின் உரிமை பற்றியது. இதை என் அண்ணனிடமே கேட்டேன். அவர் பேச்சு மெதுவாகவே வரும். பொறுமையுடன் கேட்க வேண்டும். “அக்காவுக்குச் சங்கம் வந்தா நல்லதுதான். அதுல எனக்கும் ஓர் இடம் கேளு. நாற்காலி போட வேணாம், நானே கொண்டு வாரேன்” என்றார். கலிபோர்னியர் பல ஆண்டுகள் பேசிக் கண்ட முடிவை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நம் ஊர்களில் செய்யத்தக்கன

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. இரு ஊர்களையும் சேர்த்து ஒரு துணைப்பணியாளர் சங்கம் அமைவது இயலாத செயலன்று. சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. புண்ணைக் கட்டும் துணிக்குப் பெயர்பெற்ற வட்டாரம், புண் வராமல் காக்கும் கைகளையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.

முதலாவதாக, துணைப்பணியாளர் யார், எங்குள்ளார் என்ற கணக்கு வேண்டும். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இரு ஊர்த் தெருக்களையும் பிரித்துக்கொண்டால், ஒரு விடுமுறை முகாமில் இதனைச் செய்து முடிக்கலாம். இரண்டாவதாக, பணியாளரும் குடும்பத்தினரும் மாற்றுத்திறனாளிகளும் மாதம் ஒருமுறை கூட ஓர் இடம் வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் உள்ள இடமாக இருத்தல் நன்று. மூன்றாவதாக, முதுகு நோகாமல் தூக்கும் முறையை அனைவரும் பயில வேண்டும். எங்கள் அக்காவைப் போன்றோர் அதற்கு ஆசிரியராகலாம். நான்காவதாக, நல வாரியப் பதிவுக்கும் 38ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பத்திற்கும் எழுத்துதவி வேண்டும். எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய பணியன்று. இவையெல்லாம் நடந்து பழகியபின், ஏழு கையெழுத்துகள் தாமே வந்து சேரும்.

முடிவுரை

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஒருவர் இழுத்து நகர்வதில்லை. வடத்தைப் பிடித்தவர் யார், சக்கரத்திற்குக் கட்டை போட்டவர் யார் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. துணை பெறுவோரும் துணை தருவோரும் எதிரெதிர்ப் பக்கத்தினர் என்று எண்ணுமளவும் இருவருடைய வாழ்வும் நகராது. இருவரும் ஒரே பக்கம் நின்று அரசை நோக்கிக் கேட்கும்போது வழி பிறக்கும் என்பதே உலக அனுபவம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

எங்கள் அக்கா தை மாதம் மீண்டும் வரத் தொடங்கினார். இப்போது காலையில் அண்ணனை நாங்கள் இருவருமாகத் தூக்குகிறோம். என் தந்தை ஒரு குறிப்பேட்டில் அக்கா வரும் நேரமும் போகும் நேரமும் எழுதி வைக்கிறார். மிகைநேரத்திற்குத் தனியே கணக்கிடுகிறார். ஆலையில் சங்கத்தால் தாம் கற்ற கணக்கு அது என்கிறார். ஒரு குறிப்பேட்டால் நீதி வந்துவிடாது. ஆயினும் உழைப்பை எழுதி வைப்பதிலிருந்துதான் எல்லாச் சங்கங்களும் தொடங்கியிருக்கும் என எண்ணுகிறேன்.